சேற்றுப்புண்ணும் நெறிக்கட்டும்: வெள்ளணுக்கள் வேலை செய்யும் இடம்

மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்து, குறுவை நடவு சூடுபிடித்துவிட்டால் டெல்டாவில் நடவுக்குப் போகிறவர்களின் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருக்கும். விடியலில் வயலில் இறங்கிய கால் மதியம் வரை சேற்றிலேயே நிற்கிறது. தோல் ஊறி வெளுக்கும், அரிப்பெடுக்கும், சொறிந்தால் இடுக்கில் வெடிக்கும், பிறகு நீர் கசியும். சேற்றுப்புண்ணை ஊரில் யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் நடவுக்குப் போவார்கள். புண்ணில் சீழ் கோத்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சலும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே ரத்தம் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'டபிள்யூ.பி.சி.', அதாவது வெள்ளணு, என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண். வெள்ளணுவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான்.

அந்த எண் ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் அணுக்களின் கணக்கு. சிவப்பணுவுக்கு ரத்தம்தான் வேலைத்தலம். ஆனால் வெள்ளணுவுக்கு ரத்தம் வேலைத்தலம் கிடையாது. அது வெறும் போக்குவரத்துப் பாதை. வேலை நடப்பது விரல் இடுக்கில், நெறிக்கட்டில், நுரையீரலில், குடலில். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் டெல்டாக்காரர்கள் தங்கள் உடம்பில் பார்த்துப் பழகிய பல விஷயங்களுக்குக் காரணம் புரியும்.

முதலில் புண். தோல் வெடித்த இடம் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. தோலுக்கு அடியில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி அணுக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. மோனோசைட் என்ற பெயரில் ரத்தத்தில் ஓரிரு நாள் சுற்றிவிட்டுத் திசுவில் தங்கிவிட்டவை அவற்றில் பல. பாக்டீரியா மேலே பட்டதும் அவை சில வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. பக்கத்து நுண்குழாய்கள் விரிகின்றன; இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. நுண்குழாயின் உட்சுவரில் ஒட்டும் மூலக்கூறுகள் முளைக்கின்றன. ரத்த ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்த நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் அந்தச் சுவரில் உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி, சுவர் செல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. வேதிப்பொருள் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் நகர்ந்து போய்ப் பாக்டீரியாவை விழுங்குகின்றன. விழுங்கியதை உள்ளே வைத்தே நொதிகளாலும் ஆக்சிஜனேற்றப் பொருள்களாலும் கொல்கின்றன. சில நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே வீசிப் பாக்டீரியாவைச் சிக்கவைக்கின்றன என்பதை 2004-ல்தான் கண்டறிந்தார்கள்.

வேலை முடிந்ததும் நியூட்ரோஃபிலும் செத்துவிடுகிறது. அப்படிச் செத்தவை குவிந்ததுதான் சீழ். சீழில் சில சமயம் தெரியும் பச்சை நிறம் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் வருவது. நியூட்ரோஃபிலுக்குள் அது நிறைய இருக்கிறது. சீழ் என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். ஆனால் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டு நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 500-க்குக் கீழே போனவருக்குப் புண் இருந்தாலும் சீழ் வராது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே பரவிக்கொண்டிருக்கும். அதனால்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காதே, நடு ராத்திரியானாலும் வா என்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் கதை இன்னொரு விதம். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் நியூட்ரோஃபிலின் நகர்வும் மந்தம், விழுங்குவதும் மந்தம். கால் புண் ஆறாமல் இழுத்தடிப்பதற்கு உணர்ச்சி மரத்துப்போவது, ரத்த ஓட்டம் குறைவது ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணம்.

இந்த விழுங்கும் வேலையை முதலில் அடையாளம் கண்டவர் இலியா மெட்ச்னிகோஃப். 1882-ல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டுப் படுத்தார். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உடம்பு அது. காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. அந்தக் குஞ்சுக்கு நம்முடையதுபோல ரத்தக்குழாய் ஏதும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். விழுங்கும் செல்லின் வேலை முதன்முதலில் தெரியவந்ததே ரத்தத்துக்கு வெளியில்தான். 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி எண்ணிக்கை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கலாம். அதே மைக்ரோலிட்டரில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் 40 முதல் 75 சதவீதம், லிம்போசைட் 20 முதல் 40, மோனோசைட் 2 முதல் 10, ஈசினோஃபில் 1 முதல் 6. பேசோஃபில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. அவை ரத்தத்தில் சுற்றுவது ஒரு நாளுக்கும் குறைவு. மஜ்ஜைக்குள் கையிருப்பாக இருப்பதோ ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு.

ரத்தத்தில் இருப்பவற்றிலும் ஏறக்குறையப் பாதி குழாய்ச் சுவரை ஒட்டியே கிடக்கும். ஊசியில் ஏறுவது நடு ஓட்டத்தில் வருபவை. ஓடிவிட்டு வந்தாலோ பயந்தாலோ சுவரில் ஒட்டியிருந்தவை கழன்று ஓட்டத்தில் கலந்துவிடும். நோய் இல்லாமலே எண் ஏறும். டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசியும் இதையே செய்கிறது. உடம்பு வலி, காய்ச்சல் என்று போனவருக்கு ஒரு டெக்ஸா போட்டு அனுப்பும் வழக்கம் நம் ஊர்ப் பக்கம் உண்டு. மறுநாள் வேறிடத்தில் ரத்தம் பார்த்தால் நியூட்ரோஃபில் எகிறியிருக்கும், ஈசினோஃபில் காணாமல் போயிருக்கும். ஊசி போட்டுக்கொண்டதை அவர் சொல்லாவிட்டால், பார்க்கிறவர் கடுமையான பாக்டீரியாத் தொற்று என்று நினைக்க நிறைய இடமிருக்கிறது.

அடுத்து நெறி. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் ஏன் கட்டுகிறது? வெள்ளணுவைப் படைவீரன் என்று சொல்லும் பள்ளிப் புத்தக உவமை இதை விளக்காது; எனக்கு அந்த உவமையில் எப்போதுமே ஒப்புதல் இல்லை. வெண்ணாற்றங்கரைக்காரருக்குச் சொல்ல வேறு வழி இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால், மிச்சத்தை வெளியேற்ற வடிகால் என்று இரண்டு தனித்தனி ஏற்பாடு உண்டல்லவா? ரத்தக்குழாய் வாய்க்கால் என்றால் நிணநீர்க் குழாய் வடிகால். நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தேங்கும் நீரில் நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டரை இந்த வடிகால்தான் சேகரித்து, கழுத்தடியில் பெருஞ்சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. போகிற வழியில் ஆங்காங்கே கணுக்கள். உடம்பில் சுமார் 600. காலின் வடிகால் தொடை இடுக்குக் கணுக்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். கையில் புண் என்றால் அக்குள். பல்லில் சீழ் என்றால் தாடைக்கு அடியில்.

கணுவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பவை லிம்போசைட்டுகள். நியூட்ரோஃபில் எதிர்ப்பட்ட பாக்டீரியாவை ஏறக்குறையப் பொதுவாகவே விழுங்கும். லிம்போசைட் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். புண்ணிலிருந்து வரும் நீரில் பாக்டீரியாவின் துணுக்குகளும், அவற்றைச் சுமந்துவரும் செல்களும் கணுவுக்கு வந்து சேர்கின்றன. அங்கே இருப்பவற்றில் பொருந்துவது மிகச் சிலதான். பொருந்தியது பிரிகிறது, மறுபடி பிரிகிறது, சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. கணு வீங்கித் தொட்டால் வலிக்கிறது. பி லிம்போசைட் வகையில் பெருகியவை ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. டி வகையில் சில மற்ற வெள்ளணுக்களுக்கு வேலை சொல்கின்றன, சில வைரஸ் புகுந்த செல்லையே கொல்கின்றன. காரியம் முடிந்ததும் பெரும்பாலானவை அழிந்து, கொஞ்சம் மட்டும் நினைவணுக்களாகத் தங்கிவிடும். அதே கிருமி அடுத்த முறை வரும்போது ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பூசி நம்பியிருப்பது இவற்றைத்தான். உடம்பிலுள்ள லிம்போசைட்டுகளில் ரத்தத்தில் சுற்றுவது 2 சதவீதம் அளவுக்குத்தான். மற்றவை கணுக்களிலும் மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் குடல் சுவரிலும் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் காணும் லிம்போசைட் எண்ணை இந்த இரண்டு சதவீதத்தின் எண்ணாகத்தான் படிக்க வேண்டும்.

இந்த வடிகாலில் குடியேறும் ஒரு புழுவைப் பற்றிப் பேசாமல் காவிரிப் படுகையில் வெள்ளணுவைப் பேசி முடிக்க முடியாது. கும்பகோணம் என்றால் வெற்றிலை, டிகிரி காபி என்று இன்று அடுக்குகிறவர்களின் தாத்தா பாட்டி அந்த வரிசையில் யானைக்காலையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். காரணம் உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற நூல்புழு. தேங்கிய சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், நிணநீர்க் குழாய்க்குள் ஐந்து முதல் எட்டு வருடம் வாழும். அந்தக் காலம் முழுக்க லட்சக்கணக்கில் மைக்ரோஃபைலேரியா என்னும் குஞ்சுகளை ஈன்று ரத்தத்தில் விடும். குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக் கிடந்து, இந்தக் கொசு கடிக்கும் இரவு நேரத்தில் மேலோட்டமான ரத்தத்துக்கு வருகின்றன. ஃபைலேரியா எனப்படும் இந்தப் புழு நோய்க்கான ஊழியர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போனது இதனால்தான்.

இத்தனை பெரிய புழு, அதுவும் லிம்போசைட்டுகள் நடமாடும் வடிகாலிலேயே வருடக்கணக்கில் எப்படி நிம்மதியாக இருக்கிறது? வெள்ளணுக்களை அது சமாதானப்படுத்தி வைத்திருக்கிறது. தொற்றுள்ளவரின் உடம்பில் எதிர்வினையைத் தணிக்கும் டி செல்களும் இன்டர்லூகின்-10 என்ற தணிப்புப் பொருளும் கூடியிருக்கும். அதனால் ராத்திரி ரத்தத்தில் குஞ்சுகள் நீந்தினாலும் பலருக்கு வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. உள்ளே குழாய் மெல்ல விரிந்து, நீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வுகள் செயலிழக்கின்றன. ஆகாயத்தாமரை மூடிய வடிகாலில் தண்ணீர் நிற்பதுபோல நீர் காலில் நின்றுவிடுகிறது.

அப்படி வீங்கிய காலை யானைக்காலாக்குவதில் பெரும் பங்கு புழுவுடையதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பங்கு விரல் இடுக்கு வெடிப்பில் நுழையும் சாதாரண பாக்டீரியாவுடையது. வடிகால் கெட்ட காலில் கிருமியும் வெளியேறாது, வெள்ளணுவும் நேரத்துக்கு வந்து சேராது. நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, ஒவ்வொரு முறையும் தோல் இன்னும் கொஞ்சம் தடிக்கும். அதனால்தான் சோப்புப் போட்டுக் கழுவு, விரல் இடுக்கை ஈரம் போகத் துடை, காலை உயர்த்தி வை, செருப்பில்லாமல் நடக்காதே என்று யானைக்கால் நோயாளிக்குச் சொல்கிறார்கள். கேட்க அற்பமாக இருக்கும். செய்தால் காய்ச்சல் வரும் தடவைகள் குறைகின்றன. 2004 முதல் நாட்டில் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை வீடு வீடாக டி.இ.சி. என்ற புழுக்கொல்லி மாத்திரை கொடுத்தது குஞ்சுகளை ஒழித்துப் பரவலை நிறுத்த. ஏற்கெனவே வீங்கிய காலை அது சுருக்காது.

அதே புழுவுக்கு நேர் எதிரான முகம் ஒன்றும் இருக்கிறது. சிலரின் உடம்பு சமாதானத்துக்கு ஒப்புக்கொள்வதே இல்லை. நுரையீரலில் ஒதுங்கும் குஞ்சுகளை ஆன்டிபாடியும் ஈசினோஃபிலும் அங்கேயே மடக்கிக் கொல்கின்றன. ஈசினோஃபில் லெய்ஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் பார்த்தவுடன் தெரியும். உட்கரு இரண்டு மடலாகப் பிரிந்திருக்க, சுற்றிலும் செங்கல் நிறத்தில் பருமனான மணிகள் நெருக்கமாக அடைந்திருக்கும். புழு விழுங்க முடியாத அளவு பெரியது. அதனால் ஈசினோஃபில் அதன் மேல் ஒட்டிக்கொண்டு மணிகளிலுள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டுகிறது. அந்த நச்சு புழுவை மட்டும் தொடுமா? பக்கத்து நுரையீரல் திசுவும் வேகிறது. இரவானால் இருமல், இளைப்பு, மெல்லிய காய்ச்சல், எடை குறைவு. எக்ஸ்ரேயில் காசநோய்போலத் திட்டுகள். ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு குஞ்சுகூட இருக்காது, ஈசினோஃபில் மட்டும் மைக்ரோலிட்டருக்கு 3,000-க்கு மேல்.

1940-ல் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பிரித்தறிந்து எழுதினார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, ஈசினோஃபில் மட்டும் மலைபோல் உயர்ந்திருந்தது. 1943-ல் வெயின்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டார். பின்னால் ஃபைலேரியாதான் காரணம் என்று தெளிந்தது. மூன்று வாரம் டி.இ.சி. கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகலாம். நம் வீடுகளில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் சளி, தும்மலுக்கெல்லாம் புழங்குவதன் பின்னால் இந்த வரலாறும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று 8 சதவீதம், 10 சதவீதம் என்று வருபவை ஒவ்வாமையாகவோ குடல்புழுவாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு நுரையீரல் வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. அந்தப் பயணத்தில் ஈசினோஃபில் ஏறும்.

ஒரே புழு. ஒருவருக்கு வெள்ளணு அடங்கிப்போனதால் கால் போகிறது, இன்னொருவருக்கு அடங்காததால் நுரையீரல் போகிறது. 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று பொடியும் லேகியமும் விற்கிறவர்கள் இந்த இருவரில் யாருக்கு எதைக் கூட்டுவார்கள்? ரத்தப் புற்றுநோயில் வெள்ளணு சில சமயம் லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு இருந்தும் முதிர்ந்து வேலை செய்யும் அணு போதாமல் நோயாளி சாதாரணத் தொற்றுக்குத் தடுமாறுவார்.

கடைசியாக, ஐப்பசி கார்த்திகைக் காய்ச்சல். மழை இறங்கியதும் திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊர் லேப்பிலும் கூட்டம். சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"லிம்போசைட் அறுவதுன்னு போட்ருக்கே தம்பி, கூடிப்போச்சா?"

"அது கூடலைக்கா. மத்தது கொறஞ்சு போனதால அப்டித் தெரியுது. டாக்டர்ட்ட காட்டுங்க."

தம்பி சொல்வது சரி. மொத்தம் 3,200, அதில் லிம்போசைட் 60 சதவீதம் என்றால் 1,920. அது இருக்க வேண்டிய அளவுதான். நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 960. குறைந்திருப்பது அதுதான். சதவீதத்தை மொத்தத்தால் பெருக்காமல் படித்தால் தலைகீழாகப் புரியும். டெங்குவில் இந்தக் காட்சி வழக்கம். வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியைத் தற்காலிகமாக அமுக்குகிறது. ஊரே "தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு?" என்று விசாரிக்கும். ஆனால் முதலில் இறங்குவது வெள்ளணு. அது இறங்கி, பிறகு தட்டணு சட்டென்று சரிந்தால், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் நெருங்குகிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் விட்டபின் முதலில் ஏறுவதும் வெள்ளணுதான். தட்டணு பின்னால் வரும்.

எலிக்காய்ச்சல் வயல் எலியின் மூத்திரம் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக வரும். அதில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் ஏறியிருக்கும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சில சமயம் மஞ்சள் காமாலையும் சேரும். டைஃபாய்டு பாக்டீரியாவால் வந்தாலும் வெள்ளணு பலருக்கு ஏறாது, குறையவும் செய்யும். ஈசினோஃபில் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். இவை எல்லாம் திசை காட்டுபவை மட்டுமே. எந்தக் காய்ச்சல் என்று உறுதி செய்ய என்.எஸ்.1, ஐ.ஜி.எம். எலைசா, பிளட் கல்ச்சர் என்று அந்தந்த நோய்க்கான பரிசோதனை வேண்டும்.

காய்ச்சலின் மூன்றாம் நாள் வெள்ளணு 5,000 இருந்து ஐந்தாம் நாள் 2,600 ஆனவரும், 2,600-லிருந்து 5,000 ஆனவரும் ஒரே நோயாளி இல்லை. இரண்டாவது முறை ரத்தம் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகும்போது முதல் ரிப்போர்ட்டையும், இடையில் போட்டுக்கொண்ட ஊசிச் சீட்டையும் கையோடு எடுத்துப்போக வேண்டும்.